காரில் ஸ்டீரியோ மாட்டுவது யார்? நீங்களா, மெக்கானிக்கா? பியூசில் கை வைத்தால் ஆபத்து!

சென்னை:

காருக்குப் புது ஸ்டீரியோ வாங்குபவர்களுக்கு வரும் முதல் சந்தேகம், "நாமே மாட்டிடலாமா, கடையில கொடுத்துடலாமா?" என்பதுதான்.

கூலி மிச்சம் என்று இறங்கினால் சில சமயம் காருக்கே உலை வைத்துவிடும். கடையில் விட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு விட முடியாது.

முடிவு செய்ய ஒரே ஒரு கேள்வி போதும். காரின் வயரை வெட்ட வேண்டுமா, வேண்டாமா?

கப்ளர் கிடைத்தால்...

அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் கார் உபரிப் பொருள் கடைகள் நிறைய உள்ளன. இது போன்ற கடைகளில் பல கார்களுக்கும் ஏற்ற 'கப்ளர்' கிடைக்கும். அதன் ஒரு முனையைக் காரின் வயரில் சொருகணும். மறுமுனையை ஸ்டீரியோவில் சொருகணும். எதையும் வெட்ட வேண்டாம்.

செட்டின் அளவும் பொருந்தினால், திருப்புளி பிடிக்கத் தெரிந்த யாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையை முடித்துவிடலாம். சிங்கிள் டின் செட் என்றால் 18 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம். டபுள் டின் என்றால் உயரம் 10 செ.மீ.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். "12 வோல்ட்டுதானே, ஷாக் அடிக்காது" என்று சொல்பவர்கள் உண்டு. ஷாக் அடிக்காதுதான். ஆனால் கார் பேட்டரியில் ஷார்ட் ஆனால் பல நூறு ஆம்பியர் பாயும். மெல்லிய வயர் நொடியில் பழுத்துவிடும்.

மஞ்சளும் சிவப்பும்

பெரும்பாலான செட்களில் மஞ்சள் வயர் பேட்டரியின் நிரந்தர கரண்ட். சிவப்பு வயர், சாவி திருப்பினால் வரும் கரண்ட். கறுப்பு எர்த்.

மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால், சாவியை எடுக்கும் போதெல்லாம் ஸ்டேஷன், கடிகாரம் எல்லாம் அழிந்துபோகும். இரண்டையும் சேர்த்து நிரந்தர கரண்டில் கொடுத்தால், செட்டை அணைக்க மறந்த இரவில் பேட்டரி இறங்கிவிடும். காலையில் வண்டியைத் தள்ள ஆள் தேடணும்.

இந்த நிறங்கள் செட்டிலிருந்து வரும் வயருக்கு மட்டும்தான். காருக்குள் இருக்கும் வயரின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிறத்தை நம்பி முடிச்சுப் போடக்கூடாது. மீட்டர் வைத்துப் பார்க்கணும்.

ஸ்பீக்கரின் நெகட்டிவ் வயரைக் கார் பாடியில் எர்த் செய்வது பழைய ரேடியோ காலத்துப் பழக்கம். இன்றைய செட்டில் அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிபயர் புகைந்துவிடும்.

செப்புக் கம்பி வேண்டாம்

பெரிய ஆபத்து பியூசில்தான் இருக்கிறது. செட்டில் 10 அல்லது 15 ஆம்பியர் பியூஸ் இருக்கும். அது போனால் காரணத்தைத் தேடாமல் 30 ஆம்பியர் போடுகிறார்கள். சிலர் செப்புக் கம்பியையே சுற்றிவிடுகிறார்கள். அதன் பிறகு ஷார்ட் ஆனால் பியூஸ் எரியாது. வயர் எரியும். டேஷ்போர்டு எரியும்!

கடைக்கே போங்கள்

கப்ளர் கிடைக்காத கார், ஸ்டீரிங்கில் பாட்டு பட்டன் உள்ள கார், ரிவர்ஸ் கேமரா செட்டோடு சேர்ந்த கார் ஆகியவற்றில் கைவைத்தியம் வேண்டாம். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் உறை போட்ட வயரோ மஞ்சள் கப்ளரோ தெரிந்தால் தொடவே கூடாது. பெரும்பாலும் அது ஏர்பேக் வயராக இருக்கும்.

தனி ஆம்ப்ளிபயர், ஊபர் மாட்டுவதும் கடை வேலைதான். அதற்குப் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுக்கணும். அந்த வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே, சுமார் ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்க வேண்டும்.

பக்கத்தில் நில்லுங்கள்

"அரை மணி நேரம் சார், டீ சாப்பிட்டு வாங்க" என்பார்கள். போகாதீர்கள். பக்கத்தில் நின்று கேளுங்கள்.

"கப்ளர் போடுறீங்களா, வயரை வெட்டுறீங்களா?" "பியூஸ் எத்தனை ஆம்பியர்?" "ஜாயின்ட்டை சால்டர் பண்ணுவீங்களா, முறுக்கி டேப் மட்டும் சுத்துவீங்களா?" நல்ல ஆட்டோ எலக்ட்ரீசியன் கோபப்படாமல் பதில் சொல்வார். வெறும் டேப் வெயிலில் இளகிக் கழன்றுவிடும்.

புதுக் கார் என்றால் இன்னொன்று. வயரை வெட்டியதைக் காரணம் காட்டி, மின்சாரக் கோளாறுக்கு வாரண்டி கிடையாது என்று கம்பெனி கைவிரிக்கலாம். முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பில்லும் வாங்கணும்.

மாட்டிய பிறகு ஓடும் காரில் ரப்பர் கருகும் நாற்றம் வந்தால் உடனே ஓரம் கட்டி என்ஜினை அணையுங்கள். குழந்தைகளை முதலில் இறக்குங்கள். புகை கிளம்பினால் தள்ளி நின்று தீயணைப்புப் படைக்கு 101 போடுங்கள். பாட்டுப் பெட்டி போனால் இன்னொன்று வாங்கிக்கலாம்!