ஏற்காடு காபி, பெங்களூரு கஸ்டமர்: பில்லில் 15 எழுத்து விட்டுப்போனா யாருக்கு நஷ்டம்?



1820 வாக்கில் சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபிச் செடியைக் கொண்டுவந்து வச்சார். அப்போ ஏற்காடு காபி வெளியூர் போகணும்னா மலை இறங்கி வியாபாரி கைக்குப் போனாதான் உண்டு. இப்போ ஏற்காட்டில் வறுத்துப் பொடிச்ச காபியை ஆன்லைன் தளத்தில் போட்டா, பெங்களூருல இருக்கிற கம்பெனி நேரா ஆர்டர் போடுது.

வீட்டுக்கு வாங்குறவங்க பில்லைப் பிரிச்சுக்கூட பார்க்க மாட்டாங்க. கம்பெனிக்காரர் பார்சலுக்கு முன்னாடி பில்லைத்தான் பார்ப்பார். ஏன்னு ஒரு சின்னக் கணக்குல பார்த்துடலாம்.

கிலோவுக்கு 30 ரூபாய்

பெங்களூருல கிஃப்ட் பாக்ஸ் தயாரிச்சு விக்கிற ஒருத்தர் உங்ககிட்ட 20 கிலோ காபித்தூள் வாங்குறார்னு வச்சுக்கோங்க. கிலோ 600 ரூபாய். மொத்தம் 12,000. வறுத்த காபிக்கு ஜிஎஸ்டி 5%, அதாவது 600 ரூபாய். அவர் கட்டுறது 12,600.

பில்லில் அவரோட ஜிஎஸ்டி எண் சரியா இருந்தா, அந்த 600 ரூபாயை அவர் கட்டவேண்டிய வரியில் கழிச்சுக்கலாம். இதைத்தான் உள்ளீட்டு வரி வரவு, சுருக்கமா ஐடிசின்னு சொல்றோம். எண் இல்லேன்னா 600 ரூபாய் அவர் கையை விட்டுப் போச்சு. அவர் கணக்குல உங்க காபி கிலோவுக்கு 30 ரூபாய் விலை ஏறின மாதிரி. அடுத்த ஆர்டர் உங்களுக்கு வருமா? யோசிங்க.

முதல்ல, உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு வேணுமா?

சொந்தத் தோட்டத்துல விளைஞ்சதை அப்படியே விக்கிற விவசாயிக்கு, அந்த அளவுக்குப் பதிவு தேவையில்லை. மிளகு விஷயத்துல இருந்த குழப்பத்தை 2024 டிசம்பரில் நடந்த 55-வது ஜிஎஸ்டி கவுன்சில் தீர்த்துவச்சது: பச்சை மிளகோ காய்ஞ்ச மிளகோ, விவசாயி வித்தா ஜிஎஸ்டி இல்லை. வறுக்காத காபிக்கொட்டைக்கும் வரி கிடையாது. ஆனா வறுத்து, பொடிச்சு, பேக் பண்ணிட்டா கதையே வேற.

பொருள் மட்டும் விக்கிறவங்களுக்குத் தமிழ்நாட்டுல வருஷ விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. ஆன்லைன் தளத்தில் வித்தா மட்டும் முதல் ரூபாயிலேயே கட்டாயம்னு இருந்தது. 2023 அக்டோபர் 1-லிருந்து அதைத் தளர்த்திட்டாங்க. மாநிலத்துக்குள்ள மட்டும் விக்கிற சின்ன வியாபாரி, பான் எண் கொடுத்து ஜிஎஸ்டி போர்ட்டல்ல ஒரு என்ரோல்மென்ட் எண் வாங்கினா போதும். பொடி ஓசூரைத் தாண்டி பெங்களூரு போகணும்னா பதிவு எடுத்தே ஆகணும்.

பதிவு இல்லாதவங்க வரியே வசூலிக்கக் கூடாது. காம்போசிஷன் திட்டத்துல இருக்கிறவங்களும் பில்லில் வரி போட முடியாது, வெளி மாநிலத்துக்கு விற்கவும் முடியாது. ரெண்டு பேர்கிட்ட வாங்கினாலும் கம்பெனிக்காரருக்கு ஐடிசி கிடைக்காது. கம்பெனி ஆர்டர்தான் குறின்னா சாதாரணப் பதிவுதான் வழி.

பில்லில் என்னென்ன இருக்கணும்?

பெரும்பாலான தளங்கள் உங்க பேர்ல தாங்களே பில் தயாரிச்சுக் கொடுத்துடும். ஆனா அது உங்க பில். தப்பு இருந்தா நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். அதனால இதையெல்லாம் சரிபாருங்க:

• உங்க பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண்
• வாங்குபவர் பெயர், முகவரி, அவரோட 15 எழுத்து ஜிஎஸ்டி எண்
• 16 எழுத்துக்கு மிகாத வரிசை எண், தேதி. ஒவ்வொரு தளத்துக்கும் தனி வரிசை வச்சுக்கலாம். ஒரே நிதியாண்டில் ஒரு எண் ரெண்டு தடவை வரக்கூடாது
• ஹெச்எஸ்என் குறியீடு. காபிக்கு 0901, மிளகுக்கு 0904. விற்றுமுதல் 5 கோடி வரைன்னா 4 இலக்கம் போதும்
• அளவு, விலை, தள்ளுபடி, வரி விகிதம், வரித் தொகை
• எந்த மாநிலத்துக்கான விற்பனை. டெலிவரி முகவரி வேறன்னா அதுவும்
• ரிவர்ஸ் சார்ஜ் உண்டா இல்லையா, கையெழுத்து அல்லது டிஜிட்டல் கையெழுத்து

உணவுப் பொருள் விக்கிறவங்க 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணையும் போடணும். 2022 ஜனவரி 1-லிருந்து இது கட்டாயம். விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினா கம்பெனி ஆர்டருக்கு இ-இன்வாய்ஸ் வேணும்.

நிறைய பேர் சறுக்குற மூணு இடம்

ஒண்ணு, மாநிலம். பெங்களூரு கம்பெனி பில்லை தன் பேர்ல கேட்டுட்டு, பார்சலை சென்னையில இருக்கிற அவங்க கஸ்டமருக்கு அனுப்பச் சொல்லுது. பொருள் தமிழ்நாட்டைத் தாண்டவே இல்லை. ஆனாலும் போடவேண்டியது ஐஜிஎஸ்டி. யார் சொல்லி அனுப்பினீங்களோ, அவங்க மாநிலம்தான் கணக்கு. மாத்திப் போட்டா சரியான வரியை மறுபடி கட்டிட்டு, தப்பா கட்டினதுக்கு ரீஃபண்ட் கேட்டு அலையணும்.

ரெண்டு, குடோன். தளத்தோட கர்நாடக குடோன்ல சரக்கு வச்சு விக்கிறீங்களா? அப்போ 29-ல் தொடங்குற கர்நாடகப் பதிவு தனியா வேணும். உங்க 33 எண்ணிலிருந்து அங்கே சரக்கு அனுப்புறதுக்கே வரியோட பில் போடணும்.

மூணு, ரிட்டர்ன். பில் கச்சிதமா இருந்தாலும், நீங்க ஜிஎஸ்டிஆர்-1-ல் அதைத் தனி வரியா ஏத்தினாதான் அவரோட 2பி-யில் தெரியும். மொத்த சில்லறை விற்பனையோட சேர்த்துப் போட்டா தெரியாது. மூணு மாசத்துக்கு ஒருமுறை தாக்கல் பண்றவங்க ஏப்ரல் பில்லை ஜூலை 13 வரைக்கும் வச்சிருந்தா, அவர் 600 ரூபாய்க்கு அதுவரை காத்திருக்கணும். ஐஎஃப்எஃப் வசதியில் மே 13-க்குள்ள ஏத்திட்டா, மே 14 அன்னைக்கே அவர் பார்த்துடலாம். அதிகச் செலவில்லாம கஸ்டமரைத் தக்கவைக்கிற வழி இதுதாங்க.

எண்ணைத் தப்பா ஏத்தியிருந்தா அடுத்த ஜிஎஸ்டிஆர்-1-ல் திருத்தலாம். நிதியாண்டு முடிஞ்சு வர்ற நவம்பர் 30 வரைதான் கடைசி வாய்ப்பு. பொருள் திரும்பி வந்தா பில்லைக் கிழிச்சுப் போடாதீங்க; கிரெடிட் நோட் போடுங்க.

எல்லா கம்பெனிக்கும் ஐடிசி கிடைக்குமா?

கிடைக்காது. 5% வரி போடுற ஓட்டலுக்கு ஐடிசி இல்லை. ஆபீஸ்ல ஊழியர்களுக்குக் காபி போட வாங்கினாலும் பொதுவா கிடைக்காது. வாங்கி விக்கிற கடை, கிஃப்ட் பாக்ஸ் தயாரிப்பாளர் மாதிரி ஆட்களுக்குத்தான் முழுப் பலன். ஆனா வாங்குறவர் பதிவு பெற்றவர்னா, பில்லில் அவர் எண் இருந்தே ஆகணும். அவருக்கு ஐடிசி உண்டா இல்லையாங்கிறது அவர் பாடு.

உங்க பணத்தையும் விட்டுடாதீங்க

அந்த 12,000-க்கு தளம் 0.5% டிசிஎஸ், அதாவது 60 ரூபாய் பிடிச்சுக்கும். (2024 ஜூலை 10-க்கு முன்னாடி இது 1%.) போர்ட்டல்ல போய் அதை ஏத்துக்கிட்டாதான் உங்க கேஷ் லெட்ஜருக்கு வரும். தளம் எடுக்குற கமிஷனுக்கு 18% ஜிஎஸ்டி போட்டு உங்களுக்கு ஒரு பில் வரும். அங்கே நீங்கதான் பிசினஸ் கஸ்டமர்! உங்க ஜிஎஸ்டி எண் அதுல இருக்கான்னு பாருங்க. உங்க ஐடிசியும் அதை நம்பித்தான் இருக்கு.

இன்னைக்கே ஒரு வேலை பண்ணுங்க. போன மாசம் வந்த கம்பெனி ஆர்டர் பில்களை எடுத்து, ஒவ்வொரு எண்ணையும் ஜிஎஸ்டி போர்ட்டல்ல போட்டு, பெயர் பொருந்துதா, பதிவு உயிரோட இருக்கான்னு பாருங்க. தப்பு இருந்தா உங்க ஆடிட்டரோட பேசி இந்த மாச ரிட்டர்ன்லயே திருத்திடுங்க. சந்தேகம் இருந்தா வீடியோவுக்குக் கீழே கேளுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!