வடித்தல் என்னும் சொல்

சொல் ஒன்றே, தொழில் பல. அன்னை சோறு வடிக்கிறாள். கொல்லன் வேல் வடிக்கிறான். சிற்பி சிலை வடிக்கிறான். மருத்துவன் வாலையிலிட்டுத் தீநீர் வடிக்கிறான். எங்கும் வேண்டாதது நீங்க, வேண்டுவது நிற்கிறது.

எபிரேய மொழியிலும் இத்தகைய சொல்லொன்று உண்டு. 'ஸாகக்' என்னும் அவ்வினை பழைய ஏற்பாட்டில் 7 இடங்களில் மட்டுமே வருகிறது. யோபு 28-ஆம் அதிகாரத்திலும் நாளாகமத்திலும் அது பொன்னும் வெள்ளியும் புடமிடப்பெறுவதைக் குறிக்கும். ஏசாயாவில், வண்டல் நீக்கித் தெளிவித்த திராட்சை மதுவைக் குறிக்கும். 12-ஆம் சங்கீதத்தில் இறைவனின் திருமொழிக்கு ஏழு முறை புடமிட்ட வெள்ளி உவமையாகிறது. யோபு 36-இலோ, நீர்த்துளிகள் மேலே ஈர்க்கப்பெற்று, மூடுபனியினின்று மழையாய் வடிகின்றன. 1611-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு இங்கே 'பொழிதல்' என்றது. 1952-இன் திருத்திய பதிப்போ வாலையில் வடித்தலைக் குறிக்கும் சொல்லையே ஆண்டது.

மல்கியா 3-ஆம் அதிகாரமே நம் நெஞ்சைத் தொடுவது. அங்கே இறைவன் வெள்ளியைப் புடமிடுவோனாக அமர்கிறான். புடமிடப்பெறுவோர் பகைவரல்லர், வழிபாட்டுத் தொண்டாற்றும் லேவியின் மக்களே. அந்நெருப்பு வெள்ளியை அழிப்பதற்கன்று, தூய்மையாக்குதற்கே. அதனைத் தண்டனையென்று மட்டும் கொள்வோமாயின், அதிலுள்ள கருணை மறைந்துவிடும்.

வேற்றுமொழி சூழ்ந்த ஊர்களில் வாழும் நம் மக்களுக்கு 'வடித்தல்' என்பது சோற்றுப் பானையோடு நின்றுவிடலாகாது. வேலும் சிலையும் தீநீரும் அச்சொல்லுக்குள் உண்டென்பதை அவர்களுக்குச் சொல்லி வைப்போமாக.