குவார்க்கைக் காட்டிக்கொடுக்கும் நியூட்ரினோ

ஜெனீவா அருகே, செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் வளையத்தில் புரோட்டான்கள் மோதும்போதெல்லாம் நியூட்ரினோக்களும் ஏராளமாகப் பிறக்கின்றன. ஆனாலும் பல ஆண்டுகள் அவற்றில் ஒன்றுகூட நேரடியாகச் சிக்கவில்லை. அதிக ஆற்றல் கொண்டவை புரோட்டான் கற்றை போகும் திசையிலேயே பாய்கின்றன. கற்றைக் குழாய் செல்லும் அந்தத் திசையில் பெரிய உணர்கருவிகளுக்குக் கண் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்க, அட்லஸ் உணர்கருவி இருக்கும் மோதல் புள்ளிக்கு 480 மீட்டர் அப்பால், கைவிடப்பட்ட ஒரு பக்கச் சுரங்கத்தில் ஃபேசர் கருவியை வைத்தார்கள். மின்னூட்டத் துகள்களைக் காந்தங்கள் வளைத்துவிடுகின்றன. மிஞ்சியவற்றைச் சுமார் 100 மீட்டர் பாறை வடிகட்டுகிறது. மியூவான்கள் சிலவும் நியூட்ரினோக்களும்தான் வந்து சேர்கின்றன. 2023-இல் ஃபேசர் குழு 153 நியூட்ரினோ நிகழ்வுகளை அறிவித்தது.

சூரியனும் அணு உலைகளும் நியூட்ரினோக்களை வாரி வழங்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்கலாம். அணு உலை நியூட்ரினோவைவிட இங்கே கிடைப்பவற்றின் ஆற்றல் லட்சம் மடங்குக்கும் மேல். ஆனால் அதைவிடப் பெரிய லாபம், அவை தங்கள் பிறப்பிடத்தைச் சொல்லிவிடுகின்றன என்பதே. மியூவான் நியூட்ரினோக்கள் பெரும்பாலும் பயான், கேயான் துகள்களின் சிதைவில் வருகின்றன; டௌ நியூட்ரினோக்களோ ஏறக்குறைய முழுவதும், கனமான சார்ம் குவார்க்கைச் சுமக்கும் துகள்களிலிருந்தே வருகின்றன. உயர் ஆற்றல் எலக்ட்ரான் நியூட்ரினோக்களிலும் சார்முக்குக் கணிசமான பங்குண்டு. ஆகவே, எந்த வகை, எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்று எண்ணினால் சார்ம் உற்பத்தியை அளந்துவிடலாம். அதே வளையத்தின் எல்ஹெச்சிபி கருவி சார்மை நேரடியாகவே அளக்கிறதே என்றால், கற்றையை ஒட்டிய மிகக் குறுகிய கோணம் அதற்கும் எட்டாது. காஸ்மிக் கதிர்கள் நம் வளிமண்டலத்தைத் தாக்கும்போதும் இதே முன்திசையில்தான் சார்ம் உண்டாகிறது. அதிலிருந்து வரும் நியூட்ரினோக்கள், தொலைவிண்வெளியிலிருந்து வருபவற்றோடு கலந்து, தென் துருவத்தின் ஐஸ்கியூப் ஆய்வகத்தைக் குழப்பக்கூடியவை. அங்கே கணக்கைச் சரிசெய்ய இங்கே அளந்தாக வேண்டும்.

வகை பிரிப்பது எளிதல்ல. ஃபேசரின் ஒரு பகுதி, சுமார் 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள 730 டங்ஸ்டன் தகடுகளும் எமல்ஷன் ஃபிலிம்களும் மாறிமாறி அடுக்கிய 1.1 டன் அடுக்கு. எலக்ட்ரான் நியூட்ரினோ மோதினால் ஃபிலிம்களில் துகள் பொழிவு படர்கிறது. டௌ நியூட்ரினோ வந்திருந்தால், அது உண்டாக்கும் டௌ துகளின் தடம் சில சென்டிமீட்டர் தொலைவு போனதும் சட்டென்று ஒடிகிறது. 2024-இல் வெளியான, இந்த அடுக்கின் முதல் அலசலில், அதன் சிறு பகுதியை மட்டும் ஆராய்ந்து கிடைத்தவை 4 எலக்ட்ரான் நியூட்ரினோக்களும் 8 மியூவான் நியூட்ரினோக்களும். நான்கை வைத்துச் சார்ம் கணக்கை முடித்துவிட முடியாது என்ற ஆட்சேபம் சரியே. ஆனால் மியூவான் தடங்கள் நெருக்கியடிப்பதற்குள், சில மாதங்களுக்கொரு முறை ஃபிலிம்களை மாற்றிப் புது அடுக்கு வைக்கிறார்கள். கழற்றியவை ஒவ்வொன்றும் நுண்ணோக்கியின் கீழ் போகிறது.