வீட்டில் காற்றுத் துப்பாக்கிப் பயிற்சி: குண்டு பிடிக்கும் பெட்டியும் குடும்பத்தின் உடல்நலமும்

காற்றுத் துப்பாக்கியால் இலக்கு நோக்கிச் சுடுவது ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெறும் விளையாட்டு. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் பிரிவில் வெண்கலம் வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் காற்று ரைபிள் பிரிவில் இந்தியாவின் சார்பில் பங்கேற்று வருகிறார். இவர்களைப் பார்த்து உங்கள் பிள்ளையும் பயிற்சி பெற விரும்பலாம். இதற்கு வேண்டிய 33 அடி நீளம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கிராமத்து வீடுகள் பலவற்றில் கூடத்திலோ பழைய மாட்டுக் கொட்டகையிலோ கிடைத்துவிடும். ஆனால் சுடப்படும் ஒவ்வொரு குண்டும் எங்கே போய் நிற்கிறது என்பதைப் பயிற்சிக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். அதற்காக அமைக்கப்படுவதே குண்டு பிடிக்கும் பெட்டி. இப்பெட்டிக்கு இரண்டு பணிகள் உள்ளன: குண்டு திரும்பித் தெறித்து எவர் கண்ணிலும் படாமல் தடுப்பது ஒன்று, குண்டிலிருந்து உதிரும் ஈயத்தூள் வீட்டில் பரவாமல் தடுப்பது மற்றொன்று. முதல் பணியை எல்லோரும் எண்ணிப் பார்க்கிறார்கள். இரண்டாவது பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

போட்டித் துப்பாக்கியின் குண்டு 4.5 மில்லிமீட்டர் விட்டமும் ஏறக்குறைய அரை கிராம் எடையும் கொண்டது. அது நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. சில துப்பாக்கிகளில் வேகம் இதைவிட அதிகம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் விட்டத்திற்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. உரிமம் தேவையில்லை என்பதால் அது விளையாட்டுப் பொருள் ஆகிவிடாது. தோலைத் துளைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. கண்ணைச் சிதைக்க அதைவிடக் குறைந்த ஆற்றலே போதும். (பறவைகளைச் சுடுவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி குற்றம். கரைவெட்டி பறவைகள் சரணாலயம் அமைந்துள்ள மாவட்டத்தில் இதை நினைவூட்ட வேண்டியுள்ளது.)

தடுக்கப்படாத குண்டு என்ன செய்யும் என்பதைப் புதுக்கோட்டை மாவட்டம் அறியும். 2021 டிசம்பர் 30 அன்று நார்த்தாமலை அருகே உள்ள துப்பாக்கி சுடும் தளத்தில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சி மேற்கொண்டிருந்தபோது, தளத்திற்கு வெளியே குடியிருப்பில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற அச்சிறுவன் 2022 ஜனவரி 3 அன்று உயிரிழந்தான். அது காற்றுத் துப்பாக்கி அன்று. பன்மடங்கு ஆற்றல் கொண்ட படைக்கருவி. எனினும் சுடுபவரின் பொறுப்பு குண்டு நிற்கும் இடம்வரை நீள்கிறது என்பது இரண்டிற்கும் பொது.

வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு

"ஈயச் சொம்பில் ரசம் வைத்துக் குடிக்கிறோம், பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுகிறோம், ஈயக் குண்டால் என்ன கெடுதல் வந்துவிடும்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது இயல்பு. ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிப்பதால் எழும் குழப்பம் இது. ரசச் சொம்பும் பாத்திரப் பூச்சும் வெள்ளீயத்தால் ஆனவை. துப்பாக்கிக் குண்டு காரீயத்தால் ஆனது. இரண்டும் வெவ்வேறு தனிமங்கள். காரீயம் உடலுக்கு எவ்வகையிலும் தேவைப்படாத நச்சு. அதற்குப் பாதுகாப்பான அளவு என ஒன்று அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

குண்டு கடினமான பரப்பில் மோதும்போது நசுங்கிச் சிதறுகிறது. கண்ணுக்குத் தெரியும் துண்டுகளோடு கண்ணுக்குத் தெரியாத நுண்தூளும் உண்டாகிறது. இத்தூள் தரையில் படிகிறது. மின்விசிறிக் காற்றில் எழுகிறது. விரல்களிலும் உடையிலும் ஒட்டிக்கொள்கிறது. தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் குழந்தையின் வயிற்றுக்குள் அது எளிதில் சென்றுவிடும். விழுங்கிய காரீயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறு குழந்தைகளின் உடல் உறிஞ்சுகிறது. மூளை வளரும் பருவத்தில் இதனால் கற்றல் திறனும் கவனமும் குறையக்கூடும். இரத்தச் சோகை, வயிற்றுவலி, மலச்சிக்கல் ஆகியவையும் தோன்றலாம். பெரியவர்களுக்கு இரத்த அழுத்தமும் சிறுநீரகப் பாதிப்பும் ஏற்படலாம். உடலில் சேரும் காரீயம் எலும்பில் பல ஆண்டுகள் தங்கி, கருவுற்ற காலத்தில் மீண்டும் இரத்தத்தில் கலந்து கருவையும் அடையும். தொடக்கத்தில் எந்த அறிகுறியும் இல்லாமலே இவை நிகழ்வதுதான் இதன் கொடுமை.

பெட்டியை அமைக்கும் முறை

பரவலாக அறியப்பட்ட அமைப்பு சாய்தகட்டுப் பெட்டி. வெல்டிங் பட்டறையில் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை வெட்டி, பெட்டிக்குள் 45 பாகைச் சாய்வில் பொருத்துவார்கள். தகட்டின் மேல்விளிம்பு சுடுபவரை நோக்கியும் கீழ்விளிம்பு பின்னோக்கியும் இருக்க வேண்டும். அப்போது குண்டு தகட்டில் பட்டுக் கீழே திரும்பித் தட்டில் விழும். மாறாகச் சாய்த்தால் குண்டு மேலே தெறிக்கும். இவ்வமைப்பு தெறிப்பைத் தடுக்கும். ஆனால் இரும்பில் மோதும் ஒவ்வொரு முறையும் ஈயத்தூள் எழும். ஆகவே திறந்த வெளியில் இதற்கு இடமுண்டு. மக்கள் வாழும் வீட்டிற்குள் இதனைப் பரிந்துரைப்பதற்கில்லை.

வீட்டிற்கு ஏற்றது துணி அடைத்த பெட்டி. செலவும் குறைவு. முக்கால் அங்குலக் கனமுள்ள பிளைவுட் பலகையால், முன்புறம் திறந்த, 30 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் 40 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட பெட்டி ஒன்றைச் செய்யுங்கள். பின்பலகையின் உட்புறத்தில் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டைத் திருகி இணையுங்கள். பிறகு பழைய வேட்டி, புடவை, கால்சட்டைத் துணிகளை மடித்து, இடைவெளி இல்லாமல் இறுக்கி அடையுங்கள். பொத்தான், கொக்கி, ஜிப் ஆகியவற்றை முன்பே வெட்டி நீக்கிவிடுங்கள். அவற்றில் பட்டாலும் குண்டு தெறிக்கும். பருத்தி விளையும் பகுதியாதலால் பஞ்சுக் கழிவு எளிதாகக் கிடைக்கலாம். ஆனால் பஞ்சை மட்டும் அடைத்தால் குண்டு அதனை விலக்கிக்கொண்டு உள்ளே சென்றுவிடும். மடித்த துணிகளுக்கு இடையே நிரப்பியாக மட்டும் அதனைப் பயன்படுத்தலாம். முன்புறத்தை அட்டையால் மூடி, அதன்மேல் இலக்குத் தாளை ஒட்டுங்கள். குண்டு அட்டையைத் துளைத்து, துணி மடிப்புகளில் வேகம் இழந்து, பெரும்பாலும் சிதறாமல் முழுதாகவே நின்றுவிடும். எனவே தூள் மிகக் குறைவு.

இப்பெட்டி உரிமம் தேவைப்படாத 4.5 மில்லிமீட்டர் துப்பாக்கிக்கும் ஈயக் குண்டுக்கும் மட்டுமே உரியது. பந்து வடிவ இரும்புக் குண்டுகளை வீட்டிற்குள் பயன்படுத்தவே கூடாது. ஈயம் நசுங்கி ஆற்றலை இழக்கும். இரும்பு நசுங்காமல் வந்த வழியே திரும்பும். காரீயம் இல்லாத கலப்பு உலோகக் குண்டுகள் நச்சுக் கவலையைக் குறைத்தாலும், அவை கடினமானவை என்பதால் தெறிக்கும் வாய்ப்பு கூடுதல்.

ஒரே புள்ளியில் குண்டுகள் தொடர்ந்து பாய்வதால் துணியின் நடுப்பகுதி குழிந்துபோகும். ஒவ்வொரு வாரமும் அட்டையைக் கழற்றித் துணியைத் தள்ளி அடையுங்கள். பின்தகட்டில் புதிய பளபளப்பான தடம் தெரிந்தால் துணி போதவில்லை என்று பொருள். உடனே பயிற்சியை நிறுத்தித் துணியைச் சேர்க்க வேண்டும்.

அரியலூர்ப் பகுதியில் எளிதில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல் சல்லியைப் பெட்டியில் நிரப்பலாமா எனச் சிலர் எண்ணக்கூடும். கூடாது, கல் உடைந்து தெறிப்பதோடு, கல்தூளும் ஈயத்தூளும் சேர்ந்து எழும். வெறும் சுவர், கண்ணாடிப் புட்டி, செங்குத்தாக நிறுத்திய இரும்புத் தகடு, தடித்த ரப்பர் பாளம் ஆகியவையும் ஆகாதவை. திருவிழாக் கடைகளில் பலூன்களுக்குப் பின்னால் வைக்கப்படும் பலகையைப் பார்த்து வீட்டில் அதுபோல் அமைக்க வேண்டாம்.

இடமும் தூய்மையும்

பெட்டிக்குப் பின்னால் செங்கல் சுவர் இருக்க வேண்டும். சன்னலோ வழிநடையோ அங்கே இருக்கக்கூடாது. சுடுபவருக்கும் பெட்டிக்கும் இடையே கதவு திறக்கும்படியாக எந்த அறையும் அமையக்கூடாது. "பந்து உருண்டு வந்துவிட்டது" என்று ஓடிவரும் குழந்தைக்கு எச்சரிக்கைப் பலகை புரியாது. புதிதாகப் பழகுபவரின் குறி தவறும் என்பதால், பெட்டியின் பின்னும் பக்கங்களிலும் பழைய கனத்த கம்பளியையோ சணல் சாக்கையோ தளர்வாகத் தொங்கவிடுங்கள். சுடுபவரும் அருகில் நிற்பவரும் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். பார்வைக்காக அணியும் கண்ணாடி இதற்கு ஈடாகாது. சிறுவர்கள் பெரியவர் ஒருவரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே சுட வேண்டும்.

படுக்கையறை, சமையலறை, குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவை பயிற்சிக்கு உரியன அல்ல. பயிற்சி முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூள் மேலெழும். ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைக் குடும்பத் துணிகளோடு சேர்க்காமல் தனியே வையுங்கள். பெட்டியைத் திறப்பவர் கையுறையும் முகக்கவசமும் அணிவது நல்லது. கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மாரும் இவ்வேலையைச் செய்ய வேண்டாம். குண்டுகளை உதட்டில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கத்தை உடனே விட்டொழிக்க வேண்டும். உண்பதற்கு முன் சோப்பினால் கை கழுவுங்கள். வெறும் தண்ணீர் போதாது.

சேகரித்த குண்டுகளை மூடியுள்ள புட்டியில் அடைத்துப் பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, பழைய உலோகம் வாங்குவோரிடம் காரீயம் என்று தெரிவித்துக் கொடுங்கள். கொல்லையில் கொட்டினால், அதனைக் குருணைக்கல் எனக் கருதி நாட்டுக்கோழிகள் கொத்தி விழுங்கும். அதனால் கோழியும் நோயுறும். அதன் முட்டை வழியே காரீயம் உங்கள் உணவிலும் கலக்கக்கூடும். கொள்ளிடத்தில் மீன்பிடிக்கத் தூண்டிலுக்கும் வலைக்கும் எடை வார்க்கலாம் என்று குண்டுகளை வீட்டு அடுப்பில் உருக்குவது இவை எல்லாவற்றினும் கொடியது. அந்தப் புகையையும் தூளையும் வீட்டிலுள்ள அனைவரும் சுவாசிக்க நேரிடும்.

காயம் பட்டால்

கண்ணில் குண்டோ சிதறலோ பட்டால், வலி குறைவாக இருந்தாலும் அது அவசர நிலை. கண்ணைக் கசக்காதீர்கள், அழுத்தாதீர்கள், கழுவாதீர்கள், உள்ளே இருப்பதை எடுக்க முயலாதீர்கள். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் எதையும் விடாதீர்கள். காகிதக் குவளையின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணில் படாதவாறு அதன்மேல் கவிழ்த்து ஒட்டுங்கள். தலையை உயர்த்தி வைத்து உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படக்கூடும் என்பதால் வழியில் உணவோ நீரோ கொடுக்க வேண்டாம்.

மார்பு, வயிறு, கழுத்து, தலை ஆகிய இடங்களில் பட்ட குண்டின் துளை மிளகளவே இருக்கலாம். துளை சிறிது என்பதால் காயமும் சிறிது என்று எண்ண வேண்டாம். சிறுவர்களுக்குக் குண்டு ஆழமாகச் சென்றிருக்கக்கூடும். இரத்தம் கசிந்தால் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். மஞ்சள்தூளோ காப்பித்தூளோ வைக்காதீர்கள். ஊசியால் குண்டை நோண்டாதீர்கள். 108 எண்ணை அழைத்து, அருகிலுள்ள பெரம்பலூர் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லுங்கள். எந்தத் துப்பாக்கி, எந்தக் குண்டு, எவ்வளவு தொலைவு என்பதைத் தெரிவித்து, அதே வகைக் குண்டு ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். தண்டுவாத ஜன்னி தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

குழந்தை குண்டை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். உப்புக் கரைசலும் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் குண்டு மலத்தோடு வெளியேறிவிடும். ஆனால் இரைப்பையில் தங்கினால் அமிலத்தில் கரைந்து இரத்தத்தில் கலக்கும். ஆகவே எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம்.

இரத்தத்தில் காரீய அளவு

வீட்டிற்குள் நெடுநாள் பயிற்சி நடந்திருந்து, அவ்வீட்டில் சிறு குழந்தையோ கருவுற்றவரோ இருந்தால், இரத்தத்தில் காரீய அளவைச் சோதிக்க வேண்டுமா என மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகச் சொல்லாவிட்டால் வயிற்றுவலிக்கும் சோகைக்கும் இக்காரணம் எவர் நினைவிலும் வராது. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், காரீயம் எங்கிருந்து வருகிறது எனக் கண்டறிந்து நீக்க வேண்டும் என்பது 2021ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல். குழந்தைகளுக்கு 45 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், காரீயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் அளிக்கப்படும். குறைந்த அளவுகளில் மூலத்தை நீக்குவதே முதன்மைச் சிகிச்சை. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த குழந்தையின் உடல் காரீயத்தை அதிகம் ஏற்கும் என்பதால், கேழ்வரகு, கீரை, பால் ஆகியவை உணவில் இருக்கட்டும்.

முன்பு எப்போதோ பட்ட குண்டு உடலிலேயே தங்கியிருப்பவர்கள் சிலர் இருப்பார்கள். தசையில் தங்கிய குண்டு பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. மூட்டுக்குள் தங்கியது மூட்டு நீரில் மெல்லக் கரைந்து காரீய அளவை உயர்த்தக்கூடும். அதனை அகற்றுவது பற்றி எலும்பு மருத்துவரிடம் கலந்துபேசுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும் குண்டு உள்ளதை முன்கூட்டியே தெரிவியுங்கள். காரீயம் காந்தத்தால் ஈர்க்கப்படாது. ஆனால் அது இரும்புக் குண்டாக இருந்தால் ஸ்கேன் எந்திரத்தின் காந்தம் அதனை உடலுக்குள்ளேயே நகர்த்திவிடக்கூடும்.