திங்கட்கிழமை இருமலை மிட்டாயால் அடக்காதீர்கள்

வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை மில்லுக்குள் போன சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகி, இருமல் தொடங்கி, அடுத்தடுத்த நாட்களில் தணிந்துவிட்டால், அதை வெறும் தொண்டைக் கரகரப்பு என்று விட்டுவிடாதீர்கள். பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோசிஸ் என்ற நுரையீரல் நோய் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்டதிலிருந்து நூற்பாலைகளும், பக்கத்துச் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகளுமாகப் பஞ்சை நம்பி வாழும் வட்டாரம் நம் ராஜபாளையம். மில்லில் தூசி அதிகம் பறக்கும் ப்ளோ ரூம், கார்டிங் பிரிவுகளில் நிற்பவர்களுக்கு மெந்தால் மிட்டாய் கைக்கெட்டிய வைத்தியமாகிவிடுகிறது.

மெந்தால், குளிரை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. மூச்சு தாராளமாக வருவதுபோல் தோன்றும். மூச்சுக்குழாய் உண்மையில் விரிவதில்லை. உள்ளே போன தூசியும் வெளியே வருவதில்லை. சிறிது நேர ஆறுதலை நான் குறைசொல்லவில்லை. அந்த ஆறுதலிலேயே வருடங்கள் ஓடிவிட்டால் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது என்பதுதான் என் கவலை.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் ‘சுகர் ஃப்ரீ’ மிட்டாயைத் தேடி வாங்குகிறார்கள். பால்கோவாவுக்குப் பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த எச்சரிக்கை நல்லதுதான். ஆனால் 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லை என்பது மட்டுமே அந்தச் சொல்லுக்கான உணவுப் பாதுகாப்பு விதி. இனிப்புக்காக ஐசோமால்ட், சார்பிட்டால், மால்டிட்டால் போன்றவை இருக்கும். அவற்றிலும் கலோரி உண்டு. மால்டிட்டால் ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றவும் செய்யும். ஒரே நாளில் நிறையச் சப்பினால் வயிறு உப்பிப் பேதியாகும். அஸ்பார்டேம் சேர்ந்திருந்தால் ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆகாது. சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

உட்பொருள், உரிம எண், காலாவதித் தேதி ஆகியவை அட்டையில் இருக்க வேண்டும். பொய்யான விளம்பரத்தால் ஏமாந்தால் பில்லையும் அட்டையையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம். விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை.

இதைவிடப் பெரிய உரிமை தொழிலாளியுடையது. 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டமே பிஸினோசிஸைத் தொழில்சார் நோய்ப் பட்டியலில் வைத்தது; புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அது தொடர்கிறது. நோய் உறுதியானால், இழந்த உழைப்புத் திறனுக்கேற்ப இழப்பீட்டுத் தொகை உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள ஒப்பந்தத் தொழிலாளர்களும் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவார்கள்.

பலருக்கு இந்த இழப்பீடு கிடைக்காமல் போவதற்குக் காரணம், மருத்துவச் சீட்டில் ‘இருமல்’ என்று மட்டும் எழுதப்படுவது. எந்த மில், எந்தப் பிரிவு, எத்தனை வருடம், எந்தக் கிழமை அதிகம் என்பதை நீங்களே வாய்திறந்து சொல்லி எழுதச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்ற பேச்சோடு திரும்பிவிடவும் வேண்டாம். இந்த நோய் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் பிடிபடாது. திங்கட்கிழமை ஷிஃப்ட்டுக்கு முன்பும் பின்பும் ஊதவைத்து அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையைக் கேளுங்கள். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலுக்குக் காசநோய்ச் சளிப் பரிசோதனையும் தேவை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.