குளிரும் குழாயும்

தானா ராத்தாவின் சீதோஷ்ணத்தைச் சமவெளியிலிருந்து வருகிற பிரயாணிகள் சிலாகித்துப் பேசுவது வழக்கந்தான் என்றாலும், கடல் மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டருக்கும் அதிகமான உயரத்திலுள்ள இந்தக் கேமரன் மலைப் பிரதேசத்தில் 1978 பிப்ரவரியில் பதிவான 7.8 டிகிரி செல்சியஸ்தான் மலேசியாவிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை என்பதை நினைக்கும்போது, இங்குள்ள தோட்டத்து லயங்களில் தண்ணீர்க் குழாய்கள் யாதொரு உறையுமின்றிச் சுவரோரமாக ஓடுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. விடியற்காலையில் குழாயடியில் கை விறைக்குமே தவிர, குழாய்க்குள் ஜலம் உறையாது.

காஷ்மீரத்தின் நிலைமை வேறு. டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கி நாற்பது தினங்கள் நீடிக்கும் 'சில்லாய் கலான்' என்னும் கடுங்குளிர்ப் பருவத்தில், ஸ்ரீநகர்வாசிகள் சிலர் உறைந்த குழாயைச் சுற்றிச் சுள்ளிகளைக் கொளுத்தி நீரை வரவழைக்கிறார்கள். விநோதமான காட்சிதான், ஆயினும் அந்த உபாயத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன், ஏனெனில் இருபுறமும் அடைபட்ட குழாயில் நெருப்புப் பட்டால் உள்ளே நீராவி திரண்டு குழாயே வெடித்துவிடக்கூடும்.

நீர் பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது பங்கு பெருகுகிறது. கட்டி பக்கவாட்டில் நெருக்குவதனாலேயே குழாய் பிளக்கிறதென்று பலரும் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் நடப்பதோ, வளர்ந்துவரும் பனிக்கட்டிக்கும் மூடிய திருகுக்கும் நடுவே சிறைப்பட்ட ஜலம், ஒதுங்க இடமின்றி, அழுத்தம் மேன்மேலும் ஏற, பலவீனமான ஏதோ ஓரிடத்தை, அதுவும் பனிக்கட்டியே இல்லாத இடத்தை, உடைத்துக்கொண்டு வெளிப்படுவதுதான். கடுங்குளிர் இரவுகளில் திருகைச் சிறிது திறந்து நூலிழைபோல் ஒழுகவிடச் சொல்வதன் காரணம் இதுவே. அது விரயமல்ல, அழுத்தத்துக்கு ஒரு வடிகால்.

குளிர் அபூர்வமாக வரும் தேசத்தில்தான் சேதம் அதிகம். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில் மின்சாரமும் நின்று வீடுகள் உஷ்ணம் இழந்தபோது, நம்மைப்போலவே வெப்ப நாட்டு வழக்கப்படி வெளிச்சுவரிலும் கூரையடியிலும் குழாய்களைக் கொண்டுசென்றிருந்த எண்ணற்ற இல்லங்களில் அவை வெடித்தன. டொராண்டோவுக்குக் குடிபோகும் தமிழர் அத்தகைய இடங்களிலுள்ள குழாய்களுக்கு நுரைப்பொருள் உறை மாட்டுவதும், முற்றத்துக் குழாயைக் குளிர்காலத்துக்கு முன்பே உள்ளிருந்து அடைத்து நீரை வடித்துவிடுவதும் அவசியம். உறைந்துபோனால் திருகைத் திறந்துவைத்து, அதன் பக்கமிருந்து தொடங்கி, வெந்நீரில் நனைத்த துணியால் மெதுவாகச் சூடேற்றலாம்.

விரிசல் கண்ட குழாய் உறைந்திருக்கும் வரையில் ஒழுகாது, உருகிய பிறகே வீட்டை நனைக்கும். ஆகையால் சூடேற்றத் தொடங்குமுன், தெருவிலிருந்து வரும் தண்ணீரை நிறுத்தும் பிரதான வால்வு எங்கேயிருக்கிறதென்று தேடிப் பார்த்துக்கொள்ளவேண்டும்.