மலைச் சந்தையில் ஒரு வெப்பமானி

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போயிருக்கிறீர்களா? பிரிஞ்சாங்கைத் தாண்டிக் கியா பார்ம் சந்தையில் இறங்கியதும் அவித்த சோளத்தின் மணம் மூக்கைத் துளைக்கும். பக்கத்துக் கடையில் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் காளானும் பொரிந்துகொண்டிருக்கும். வாங்கித் தின்பதற்கு முன் கொஞ்சம் நின்று கவனியுங்கள். இந்தச் சந்தை ஓர் அறிவியல் கூடம்!

முதலில் சோளப் பானை. அதில் நீர் தளதளவென்று கொதிக்கிறது. அதன் வெப்பநிலை என்ன? “100 பாகை செல்சியஸ்” என்பீர்கள். பாடநூலில் அது சரி, இங்கே சரியில்லை. கியா பார்ம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். நீரின் மேற்பரப்பை அழுத்தும் காற்று குறைந்தால், நீர் சீக்கிரமே கொதித்துவிடும். ஆகவே இங்கே நீர் ஏறக்குறைய 95 பாகையிலேயே கொதிக்கிறது. தீயைக் கூட்டினால் நீர் வேகமாக ஆவியாகுமே தவிர, அதன் சூடு ஏறாது.

இதனால்தான் மலைத் தோட்டங்களில் சுண்டலுக்குக் கொண்டைக்கடலை வேகக் கீழேயுள்ள ஈப்போவைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. பாட்டி “தீ பத்தல” என்று விறகைத் தள்ளுவார். குறை தீயில் இல்லை, காற்றழுத்தத்தில்! தீர்வு பிரஷர் குக்கர். ஆவியை உள்ளேயே அடைத்து அழுத்தத்தைக் கூட்டினால், நீர் 115 பாகைக்கு மேல் சூடான பிறகே கொதிக்கும். டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-ஆம் ஆண்டிலேயே இப்படியொரு கலனைச் செய்து காட்டினார்.

அடுத்தது பொரிக்கும் சட்டி. கிழங்கைப் போட்டதும் ‘சொய்ங்’ என்று குமிழிகள் எழுகின்றன. “எண்ணெய் கொதிக்கிறது” என்கிறோம். உண்மையில் கொதிப்பது எண்ணெய் இல்லை. சுமார் 170 பாகையில் இருக்கும் எண்ணெயில் விழுந்ததும், கிழங்கிலுள்ள நீர்தான் ஆவியாகி வெளியேறுகிறது. மேல்பகுதி உலர்ந்த பிறகு அதன் சூடு 100 பாகையைத் தாண்டும். அப்போதுதான் அது சிவந்து மொறுமொறுப்பாகும். அவித்த கிழங்கு என்றைக்கும் சிவக்காததன் காரணம் இப்போது புரிகிறதா?

இனி முக்கியமான செய்தி. ஒருமுறை மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்றேன். ஒரு மாணவன் காலையில் வாங்கிய பொரித்த காளானில் பாதியைப் பையில் வைத்துவிட்டு, மாலையில் பேருந்தில் எடுத்தான். வேண்டாம் என்றேன். “டீச்சர், இங்கதான் ஐஸ் பெட்டி மாதிரி குளிருதே, கெடாது!” என்றான். நான் திரும்புவதற்குள் தின்று முடித்தான். அன்றிரவு முழுக்க வயிற்றுவலி, வாந்தி. காளான்தான் காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவனுடைய வாதம் தவறு என்று உறுதியாகச் சொல்வேன்.

குளிர்பதனப் பெட்டியின் உள்ளே சூடு 5 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். கேமரன் மலையில் பகலில் 20 பாகையை ஒட்டி இருக்கும். நமக்கு அது குளிர். பாக்டீரியாவுக்கு வசதியான சூடு. 5 முதல் 60 பாகை வரை அவை பெருகக்கூடும். அதனால்தான் சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆவி பறக்கும் பானையிலிருந்து எடுத்த சோளத்தை நம்பலாம். தட்டில் ஆறிக் கிடப்பதை வாங்கும்முன், “இது எப்போது பொரித்தது, அண்ணே?” என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

செய்து பாருங்கள்: அடுத்த முறை மலைக்குப் போகும்போது, பெரியவர் ஒருவரின் துணையோடு கொதிநீரின் வெப்பநிலையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் மீண்டும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே நீங்கள் ஏறிய மலையின் உயரத்தைச் சொல்லும்: ஒரு பாகைக்குச் சுமார் 300 மீட்டர்!